பெருநாள் விடுமுறையில் காஷ்மீர்: மார்ச் கடைசியில் பனிச்சரிவு பயம் உண்டா?

செம்பனை_பீடோங்:
எல்லாருக்கும் வணக்கம். நோன்புப் பெருநாள் விடுமுறையில், மலேசியாவின் பீடோங்கிலிருந்து எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து காஷ்மீர் போகிறோம். மார்ச் கடைசியில் கிளம்பி ஏப்ரல் தொடக்கத்தில் திரும்புகிறோம். ஸ்ரீநகர், குல்மார்க், சோனாமார்க் என்று திட்டம். கூட்டத்தில் அறுபது தாண்டிய அத்தை இருக்கிறார், ஆறாம் ஆண்டு படிக்கும் பையனும் இருக்கிறான். பிள்ளைகளுக்குப் பனியில் நடந்து விளையாட வேண்டும்.

பயண ஏற்பாட்டாளரிடம் பனிச்சரிவு பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஜனவரியோடு முடிந்துவிடும், மார்ச்சில் நல்ல வெயில், கவலை வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் ஏப்ரல் மாதத்தில் சுற்றுலாப் பயணிகள் இறந்த செய்தி கண்ணில் படுகிறது. எதை நம்புவது? குளிர்ச்சட்டை, காலணி எல்லாம் விசாரித்தாகிவிட்டது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும்.

ஜெராய்_அடிவாரம்:
நாங்கள் சில வருடங்களுக்கு முன் குல்மார்க் போய் வந்தோம். பனி காலுக்குக் கீழே கல் மாதிரி கெட்டியாக இருந்தது. புதிதாக விழுந்த பனிதான் சரியும், பழைய பனி இறுகிப்போய்விடும் என்று குதிரைக்காரர் சொன்னார். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து மேலே போங்கள். சத்தம் போட்டால் பனி சரியுமாம், பிள்ளைகளைக் கத்த விடாதீர்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

மலைக்காற்று:
தம்பி செம்பனை, ஐயா ஜெராய், இரண்டு பேருக்கும் வணக்கம். நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது நியூசிலாந்தில் ஒரு பனிச்சறுக்கு மலையில் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறேன். காலையில் ஆட்களை மேலே விடுவதற்கு முன், எந்தச் சரிவைத் திறக்கலாம், எதை மூட வேண்டும் என்று பார்ப்பது எங்கள் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஜனவரியோடு பனி முடிந்துவிடும் என்பது காஷ்மீருக்குப் பொருந்தாது. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கும். ஸ்ரீநகரில் மழை பெய்யும் அதே நேரத்தில் மேலே மலையில் புதுப்பனி குவியும்.

அடுத்தது, பழைய பனி. குதிரைக்காரர் சொன்னது காலை நேரத்துக்குச் சரி. ஐயா நடந்த அந்த நேரத்துக்கும் சரியாக இருந்திருக்கும். ஆனால் அதே பனி மத்தியானம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை விழுந்ததும் ஓர் அடுக்காகப் படியும். குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது தரையை ஒட்டிய பகுதி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ வானம் தெளிந்த இரவில் அதைவிடப் பல டிகிரி கீழே போய்விடும். இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத குருணையாக மாறிவிடுகின்றன. அதன் மேல் பின்னால் விழும் பனி கெட்டிப்பலகை போலப் படிந்து குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கும். அந்தக் குருணை அடுக்கு முறியும்போது மேலே உள்ள பலகை மொத்தமாக நழுவும். ஆட்களை அதிகம் கொல்வது இந்த வகைச் சரிவுதான்.

குளிர்காலத்தில் அதை முறிப்பது மேலே ஏறும் பாரம். புதுப்பனி, காற்று அள்ளிவந்து ஒரு பக்கம் குவிக்கும் பனி, அதன் மேல் கால் வைக்கும் மனிதன், எல்லாம் பாரம்தான். வசந்தத்தில் உள்ளே இறங்கும் தண்ணீரே போதும். வெயிலில் மேற்பரப்பு உருகி, அந்த நீர் துகள்களுக்கு நடுவே கசிந்து, ஏதாவது ஒரு கெட்டி அடுக்கின் மேல் வந்து தேங்கும். துகள்களைப் பிடித்துவைத்த பிணைப்பு கரையும். பனிப்படுகை மேலிருந்து அடிவரை 0 டிகிரிக்கு வந்துவிட்டால் அதற்குத் தாங்கும் சக்தி மிகவும் குறைந்துவிடுகிறது. யாரும் கால் வைக்காமலே, தானாகவே கழன்று வரும்.

ஆகவே "வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து மேலே போங்கள்" என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வசந்தத்தில் முதல் சூடான நாள், அதுவும் புதுப்பனி விழுந்த மறுநாள் வருகிற பளிச்சென்ற வெயில், எங்கள் குழு ரொம்பக் கவனமாக இருக்கும் நாள்.

சத்தம் போட்டால் சரியும் என்பது உண்மை இல்லை. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. பிள்ளைகள் தாராளமாகக் கத்தட்டும். பனியில் பொழுதுபோக்க வந்து இறந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், பத்தில் ஒன்பது விபத்துகளில் சரிவைத் தொடங்கி வைத்தது இறந்தவரோ அவர் கூட வந்தவரோதான். அவர்கள் உடல் எடையே போதுமானதாக இருந்தது.

ரப்பர்_தோட்டம்67:
மலைக்காற்று தம்பி சொல்வதைப் படித்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கணக்கு போலத் தெரிகிறது. நாங்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் ஓடும். வெயில் ஏறினால் வேலை முடிந்தது, எவ்வளவு கெஞ்சினாலும் மரம் தராது. பனி மலையிலும் அப்படித்தானா? விடியுமுன் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டால் போதுமா?

மலைக்காற்று:
அதேதான் ஐயா. மலையேறிகள் இரவு இரண்டு, மூன்று மணிக்கே கிளம்புவது இதற்காகத்தான். எவரெஸ்ட்டில், அடிவார முகாமுக்கு மேலே பனியாறு உடைந்து இறங்கும் கும்பு பனியருவியை இருட்டிலேயே கடக்கிறார்கள். இரவில் ஈரமெல்லாம் உறைந்து, காலையில் மேற்பரப்பு ஆளைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கும். வெயில் பட்டுக் கொஞ்சம் இளகும். அப்புறம் கஞ்சியாகிவிடும். அந்தக் கடைசி நிலைக்குப் போகுமுன் இறங்கிவிட வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தக் கணக்கு, இரவில் பனி உறைந்திருந்தால்தான் செல்லும். வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை மேலே விட்டுவிடும். காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால்கூட மேற்பரப்பு உறையும். மேகம் மூடிய இரவில் அந்தச் சூடு திரும்பி வரும், பனி உறையாது. மழை பெய்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு காலை ஆறு மணிக்குப் போனாலும், நேற்று மத்தியானம் விட்ட இடத்திலிருந்துதான் பனி இளக ஆரம்பிக்கும். "இப்போது மணி என்ன" என்று கேட்பதற்கு முன் "ராத்திரி உறைந்ததா" என்று கேட்க வேண்டும். விடுதியில் காலை எழுந்ததும் வாசலில் கிடக்கும் பனியை மிதித்துப் பாருங்கள். நொறுங்கினால் உறைந்திருக்கிறது. சொதசொதவென்று கால் உள்ளே புதைந்தால் உறையவில்லை. மேலே மலையின் நிலையை இது முழுதாகச் சொல்லிவிடாது. ஆனால் கீழே உறையாத நாளில் மேலே போகும் எண்ணத்தை ஒத்திப்போட இது போதும்.

எந்தப் பக்கத்துச் சரிவு என்பதும் முக்கியம். காஷ்மீரில் கிழக்கு பார்த்த சரிவில் காலையிலேயே வெயில் படும், அங்கே முதலில் இளகும். பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்கு பார்த்த சரிவு குளிர்காலத்துப் பனியையும் அதன் அடியில் உள்ள குருணையையும் ரொம்ப நாள் வைத்திருந்து, தாமதமாகக் கழற்றும். நான் இருக்கும் தென்கோளத்தில் இது தலைகீழ். இங்கே வடக்குச் சரிவில்தான் வெயில் அடிக்கும், வசந்தமும் செப்டம்பரில் வரும்.

ஆசிரியை_குருண்:
நல்ல விளக்கம் அண்ணே. எனக்கு ஒரு சந்தேகம். செம்பனை தம்பி குடும்பத்தோடு போகிறார். பனிச்சறுக்கு விளையாடப் போவதில்லை, சிகரம் ஏறப் போவதில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள், பிள்ளைகள் பனியை உருட்டுவார்கள். அவர்களுக்கும் இந்த அளவு ஆபத்து உண்டா? சமதரையில் நிற்பவர்களை அது என்ன செய்யும்?

மலைக்காற்று:
இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையில் எழுதவே வந்தேன் டீச்சர்.

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் தொடங்கும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி அதிகம் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சாய்வு குறைவாக இருந்தால் பனி நழுவாது. ஆனால் தொடங்கிய சரிவு அங்கேயே நிற்பதில்லை. கீழே சாய்வு குறைந்து, தரை சமமாகி, சாலை வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் நிற்கும் இடம் பாட்மின்டன் மைதானம் போலச் சமமாக இருக்கலாம். தலைக்கு மேலே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி பார்த்த செய்தி சிக்கிம் செய்தியாகத்தான் இருக்கும். 2023 ஏப்ரல் 4 அன்று, காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில், மதிய நேரத்தில் பனிச்சரிவு வந்தது. 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13ஆவது மைல் வரைதான் அனுமதி இருந்தது, அவர்கள் 15ஆவது மைலுக்குப் போயிருந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர்களும் குடும்பமாக வந்து, வண்டியை விட்டு இறங்கிப் பனியில் விளையாடியவர்கள்தான். ஏப்ரல், மதியம், சாலையோரம், மேலே சரிவு. இந்த நான்கும் உங்கள் திட்டத்திலும் இருக்கின்றன தம்பி.

2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில், பத்ரிநாத் பக்கம் மாணா கிராமத்தருகே நடந்ததும் இப்படித்தான். சாலையில் பனி அகற்றும் தொழிலாளிகள் தங்கியிருந்த முகாமின் மேல் சரிந்தது. சிக்கிய 54 பேரில் 46 பேரைக் காப்பாற்றினார்கள், 8 பேர் இறந்தார்கள். பலர் உலோகக் கொள்கலன்களில் தங்கியிருந்ததால்தான் பிழைத்தார்கள். சோனாமார்க்கில் சறுக்குவண்டி இழுப்பவர்களும் குதிரைக்காரர்களும் நாள் முழுக்க அந்தச் சரிவுகளுக்குக் கீழேதான் நிற்கிறார்கள். நாம் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்துவிடுகிறோம், அவர்கள் நாளைக்கும் அங்கேதான். "இன்னும் கொஞ்சம் மேலே கூட்டிப் போங்கள்" என்று அவர்களை வற்புறுத்தும் சுற்றுலாப் பயணியாக நம் ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

ஜெராய்_அடிவாரம்:
இப்போது புரிகிறது தம்பி. நம் ஊரில் 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து நீர்ப்பெருக்கு இறங்கியபோது யான் பக்கம் ஆற்றோரத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது இதுதானே. மேலே என்ன நடக்கிறது என்று கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. பத்தாங்காலியில் 2022 டிசம்பரில் மண் சரிந்து 31 பேர் போனார்களே, அவர்களும் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

மலைக்காற்று:
ஆமாம் ஐயா. மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் சரிவின் பிடிமானத்தைக் கெடுக்கும் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பனியில் அதே வேலையை வெயில் செய்துவிடுகிறது. மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

செம்பனை_பீடோங்:
அண்ணே, ரொம்ப நன்றி. அப்படியென்றால் குல்மார்க் கேபிள் காரில் ஏறலாமா? இரண்டாம் கட்டம் வரை போக வேண்டும் என்று இளைஞர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சோனாமார்க்கில் தாஜிவாஸ் பனியாறு வரை குதிரையில் போவதாகவும் பேச்சு.

மலைக்காற்று:
கேபிள் கார் ஓடினால் ஏறுங்கள். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர், இரண்டாம் கட்டம் அபர்வாத் சிகரத்தின் பக்கம் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். ஆபத்தான நாளில் அதை மூடிவிடுவார்கள். மூடினால் கட்டணத்துக்காகச் சண்டை போடாதீர்கள், இளைஞர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேலே போனதும் கயிறு கட்டிக் காட்டிய எல்லைக்குள்ளேயே நில்லுங்கள். எல்லைக்கு உள்ளே உள்ள சரிவுகளைத்தான் யாராவது கண்காணிக்கிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாத்தில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தது எல்லைக்கு வெளியே உள்ள சரிவில். மலை முகட்டின் விளிம்பில் காற்று கட்டிய பனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படம் எடுக்க அதன் மேல் போய் நிற்கவே கூடாது. கீழே பாறை இருப்பது போலத் தோன்றும், வெறும் காற்றுதான் இருக்கும். வசந்தத்தில் அது எந்த நேரமும் முறியலாம்.

சோனாமார்க் சாலையும் பனிச்சரிவுகளால் குளிர்காலத்தில் மூடிக்கிடந்த சாலைதான். 2025 ஜனவரியில் 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்த பிறகு ஊருக்குள் போவது எளிதாகிவிட்டது. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள மலைகள் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் தாஜிவாஸ் பக்கம் காலையிலேயே போய், பதினொரு மணிவாக்கில் திரும்பிவிடுங்கள். ஸ்ரீநகரில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி ஒரு மணிக்குப் போய்ச் சேரும் திட்டமாக இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

அறிவிப்பு எங்கே பார்ப்பது என்றால், அங்கே பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை மாவட்டவாரியாக, இத்தனை மீட்டருக்கு மேல் என்று உயரம் சொல்லி வெளியிடும். குல்மார்க் இருப்பது பாரமுல்லா மாவட்டம், சோனாமார்க் இருப்பது காந்தர்பல் மாவட்டம். இந்த இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் ஊர்ப்பெயர் வராது, மாவட்டப் பெயர்தான் வரும்.

உலகம் முழுக்கப் பல நாடுகளில் ஆபத்தை ஐந்து படிகளாகச் சொல்வார்கள். மூன்றாம் படி என்றால் நடுவில்தானே இருக்கிறது என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். நான்கு, ஐந்து என்றால் எல்லாரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். உயிரிழப்பு அதிகம் நடப்பது மூன்றில்தான்.

ஆசிரியை_குருண்:
நேரில் நிற்கும்போது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏதாவது அடையாளம் உண்டா? பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் மாதிரி இருந்தால் நல்லது.

மலைக்காற்று:
உண்டு டீச்சர், பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கவனிப்பார்கள். பக்கத்துச் சரிவில் ஏற்கெனவே சரிந்த தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை. வெயில் ஏற ஏறச் சரிவிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வரும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, எங்களுக்கு அது கிளம்பும் மணி. கணுக்காலுக்கு மேல் கால் புதைய ஆரம்பித்தால் அந்தச் சரிவின் பக்கம் இருக்கக் கூடாது. நடக்கும்போது காலடியில் "வூம்" என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ, உள்ளே அடுக்கு முறிகிறது என்று பொருள். வந்த வழியே திரும்ப வேண்டும்.

ஜப்பானில் நாசு மலையில் நடந்ததையும் ஓர் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். 2017 மார்ச் 27, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வசந்தகால மலையேற்றப் பயிற்சி. வானிலை கெட்டதால் சிகரம் ஏறுவதை ரத்து செய்தார்கள். அது நல்ல முடிவு. அதற்குப் பதிலாக, பக்கத்துப் பனிச்சறுக்கு விடுதியின் ஓரத்தில் ஆழமான பனியில் நடந்து பழகுவோம் என்று அழைத்துப் போனார்கள். 7 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். பெரிய திட்டத்தைக் கைவிட்டதும் மனம் தளர்ந்து, சின்னத் திட்டத்தில் ஆபத்தே இல்லை என்று தோன்றிவிடும். அந்த இடத்துக்கு மேலேயும் சரிவு இருந்தது.

ரப்பர்_தோட்டம்67:
கடவுள் காப்பாற்றட்டும். ஒருவேளை சிக்கிக்கொண்டால்?

மலைக்காற்று:
நேரம்தான் எல்லாமே ஐயா. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். பெரும்பாலோர் மூச்சுமுட்டித்தான் இறக்கிறார்கள். மீட்புக் குழு வந்து சேரும் நேரம் அது இல்லை, கூட இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும். வசந்தத்து ஈரப்பனி ஓடும்போது மெதுவாக ஓடும், ஆனால் நின்றதும் இறுகிவிடும். ஒரு கன மீட்டர் 400, 500 கிலோ வரும். கையால் தோண்ட முடியாது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உடம்பில் சமிக்ஞை அனுப்பும் டிரான்சீவரும், பையில் நீளக் குத்துக்கோலும் மண்வெட்டியும் இல்லாமல் போகமாட்டார்கள். குடும்பச் சுற்றுலாவுக்கு அது தேவைப்படும் இடத்துக்கே நீங்கள் போகக் கூடாது. யாராவது "டிரான்சீவர் தருகிறேன், மேலே வாருங்கள்" என்று அழைத்தால், பயிற்சி இல்லாத கையில் அது வெறும் பெட்டிதான்.

சாலையில் சரிவுத் தடத்தைக் கடக்க வேண்டிவந்தால், வண்டிகளை நெருக்கமாக நிறுத்தாமல் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகக் கடக்கச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டக் கூடாது.

செம்பனை_பீடோங்:
ஏற்பாட்டாளரிடம் பேசிவிட்டேன். சோனாமார்க் நாளை மாற்றி, முதல் நாள் இரவே அங்கே தங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்பும்படி செய்துகொடுக்கிறார். தங்கும் செலவு ஆளுக்குக் கொஞ்சம் ரிங்கிட் கூடுகிறது, பரவாயில்லை. முதல் நாள் மழையோ பனியோ பெய்தால் ஊருக்குள்ளேயே இருப்பது என்று முடிவு. அத்தைக்கு இதில்தான் மகிழ்ச்சி, அவருக்கு மேலே ஏற ஆசையே இல்லையாம்.

நாம்செ_நடைப்பயணி:
இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். நாங்கள் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நம் மலேசியாவின் மகேந்திரனும் மோகனதாஸும் 1997 மே 23 அன்று உச்சி தொட்ட மலை, ஒரு முறையாவது கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் பயமாக இருந்தால் தீபாவளியை ஒட்டி அக்டோபரில் போகலாமா? அப்போது பனிச்சரிவு இருக்காதுதானே?

மலைக்காற்று:
அவர்கள் இருவரும் உச்சி தொட்ட செய்தி வந்த நாளில் எங்கள் லயத்தில் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். போய்ப் பாருங்கள், கட்டாயம் போக வேண்டிய இடம்.

அடிவார முகாம் நடைபாதையின் பெரும்பகுதி நேரடிச் சரிவுகளிலிருந்து விலகியே போகிறது. ஏப்ரலில் இதுவரை நடந்த பெரிய துயரங்களுக்குக் காரணமும் வேறு. 2014 ஏப்ரல் 18 அன்று 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தது, நடைபாதைக்கு மேலே, கும்பு பனியருவியில் பனிக்கட்டிப் பாறை உடைந்து விழுந்ததால். 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் உலுக்கி, பக்கத்துப் பூமோரி மலையிலிருந்து சரிந்தது முகாமையே அடித்துப் போனது. அதே நாளில் லாங்டாங் பள்ளத்தாக்கில் ஒரு கிராமமே புதைந்தது. இவை எதுவும் வெயிலில் பனி இளகி வந்தவை இல்லை, கடிகாரம் பார்த்துத் தப்பிக்க முடியாது.

அக்டோபரில் சரிவு இருக்காது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலம் முடியும்போது உயரத்தில் புதுப்பனி நிறைய விழுந்திருக்கும். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு திரௌபதி கா டண்டா சிகரத்தில் 2022 அக்டோபர் 4 அன்று சரிவில் சிக்கியது. 25 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்தவர்கள். நீங்கள் போகும் வாரத்தில் மேலே பெரும் பனி விழுந்தால், வழியில் உள்ள நாம்செ ஊரில் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்கும்படி பயண நாட்களில் இடம் விடுங்கள். திரும்பும் விமானச்சீட்டை நெருக்கமாக எடுக்காதீர்கள்.

நாம்செ_நடைப்பயணி:
சரி அண்ணே. நடை தொடங்கும் லுக்லாவிலிருந்து திரும்பும் விமானமும் மேகத்தால் தள்ளிப்போகும் என்கிறார்கள், அதற்கும் சேர்த்தே நாள் விடுகிறோம்.